சத்தம் போடாத பிள்ளை

(சங்கரன்கோவிலில் நடந்த உபகாரிகள் கூட்டத்தில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் உங்களிடம் கட்டில்கள் கேட்டோம், தந்தீர்கள். அதற்கு முந்தின ஆண்டு தண்ணீர்த் தொட்டி கேட்டோம், அதுவும் கிடைத்தது. இந்த ஆண்டு நாங்கள் கேட்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல. எங்கள் குழந்தைகள் வார்டில் மூன்று ஆண்டுகளாக எடை எடுத்து, அட்டை எழுதி வரும் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. படிப்பின் பெயர் வளர்ச்சி உளவியல். சில கல்லூரிகளில் மனித வளர்ச்சி என்று பெயர்.

அறிவிப்பு வாசித்த அன்றே மூத்த உபகாரி ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம், புரியுது. நர்ஸுக்குப் படிக்க வைக்கிறோம், அதுவும் புரியுது. பிள்ளை வளர்றதைப் படிக்க எம்.எஸ்சி. எதுக்கு? எங்க ஆச்சி பதினோரு பிள்ளை பெத்து வளர்த்தா. அவ எந்தக் காலேஜுக்குப் போனா?" எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆச்சிமார்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. பெற்ற பதினொன்றில் எத்தனை தங்கியது என்று அந்த ஆச்சியிடம் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ! ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக, நாங்கள் செய்த ஒரு தவற்றை உங்கள்முன் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் இரண்டரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் விசைத்தறி. புருஷன் தறி ஓட்டுகிறவர். பையனுக்குச் சளி. மருந்து வாங்கிக்கொண்டவள் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்துக்கு வந்து எங்களிடம் சொன்னாள்: "ஐயா, இவன் இன்னும் அம்மான்னுகூட கூப்பிடலை." கூட வந்த மாமியார் குறுக்கே விழுந்து, "இவன் தாய்மாமனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்றார். நாங்கள் பையனின் தலையில் கைவைத்து ஜெபித்தோம். சகரியாவின் நாவைத் திறந்த ஆண்டவர் இவன் நாவையும் திறப்பார், பொறுமையாய் இரு மகளே என்று ஆறுதல் சொல்லி அனுப்பினோம். அவளும் முகம் தெளிந்து போனாள்.

பிறகு ஒருநாள் அந்த ஊருக்கு வீட்டுச் சந்திப்புக்குப் போனோம். முன்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவில்காரர்களுக்குத் தறிச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அந்தத் தறியிலிருந்து நாலடி தூரத்தில் பையன் தரையில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்டை வீட்டுப் பெண், "பாருங்க ஐயா, எவ்வளவு சமர்த்து! ஒரு சத்தம் போட மாட்டான், எந்தச் சத்தத்துக்கும் எழும்ப மாட்டான்" என்றாள். நாங்களும் சமர்த்துப் பிள்ளை என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

நான்கு வயது கடந்து, பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில்தான் காதைச் சோதிக்கச் சொன்னார்கள். இரண்டு காதிலும் மிகக் கடுமையான கேள்விக் குறைவு. பிறவியிலேயே அப்படி. தாயும் தகப்பனும் சொந்தத்தில் கட்டியவர்கள். நெருங்கிய உறவுத் திருமணங்களில் பிறவிச் செவிட்டுக்கு வாய்ப்பு அதிகம். இதையும் அன்றே நாங்கள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஜெபித்தது தவறல்ல. ஜெபித்த கையோடு, காதுப் பரிசோதனைக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையின் மூளை மொழியை வாங்கிக்கொள்ளும் நல்ல காலம் முதல் சில ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டைப் பொறுமை என்ற பேரில் நாங்களே செலவழித்துவிட்டோம். நமது மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்யப்படுகிறது. அந்த வீட்டார் அலைந்து விவரம் அறிவதற்குள் அந்த வாசலும் அடைந்துவிட்டது. இன்று அவன் காதில் கருவி மாட்டிக்கொண்டு, பாளையங்கோட்டையில் மிஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படிக்கிறான். கைச் சைகையில் கெட்டிக்காரன். தாயும் சைகை கற்றுக்கொண்டாள்.

அந்த வீட்டார் ஏன் ஏமாந்தார்கள்? செவிட்டுக் குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே "ங்ங", "ஆ" என்று சத்தம் செய்யும். தாய் அதைக் கேட்டுக் காது நன்றாயிருக்கிறது என்று நம்பிவிடுகிறாள். ஆறு ஏழு மாதத்துக்கு மேல் "பாபா", "தாதா" என்று எழுத்துச் சேர்த்து அடுக்குகிற மழலை வர வேண்டும். கேளாத பிள்ளைக்கு அது தாமதமாகும், அல்லது வராது. முதலில் இருந்த சத்தமும் குறைந்து பிள்ளை அமைதியாகிவிடும். பெரியவர்கள் இதைச் சமர்த்து என்கிறார்கள். பிள்ளை வளர்வதைப் படிக்க எம்.எஸ்சி. எதற்கு என்றால், முதலில் இதற்குத்தான்: அமைதியாயிருக்கிற பிள்ளையைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் வேண்டும்.

ஆஸ்பத்திரிகளே இந்தப் பாடத்தைக் கற்கத் தாமதித்தவைதான். 1950 வரையிலும் இங்கிலாந்தின் பல குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே வந்து பார்க்கலாம். தாய் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அடங்கிக் கிடக்கிறது. ஆகவே வராதிருப்பதே நல்லது என்பது நர்ஸுகளின் கணக்கு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு சினிமாக் கேமராவை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். லாரா என்ற இரண்டரை வயதுகூட நிறையாத பெண் குழந்தை, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கியிருந்தது. அந்த எட்டு நாளையும் படம் பிடித்து, 1952-இல் மருத்துவர்கள் சபையில் போட்டுக் காட்டினார். லாரா கதறுகிற பிள்ளையல்ல. அழுகையை விழுங்குகிற பிள்ளை. வீட்டுக்குப் போகும் நாளில் தாயின் கையைப் பிடிக்க மறுக்கிறது. முதலில் மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆயினும் 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்று பரிந்துரை செய்தது. ஜான் போல்பி என்ற மனநல மருத்துவர் தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்கு 1951-இல் எழுதிய அறிக்கையும் இதே காலத்தது.

நம் வார்டுகளில் தாய் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். தூக்குச்சட்டியும் அங்கேயே இருக்கும். வெளிநாட்டு விருந்தினர் பார்த்தால் முகம் சுளிப்பார்கள் என்று நாங்களே கூச்சப்பட்டதுண்டு. வெள்ளைக்காரர் சினிமா எடுத்துக் கண்டுபிடித்ததை நம் தாய்மார் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தே செய்துவிட்டார்கள். இதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் இதையே ஒரு முறையாக்கியது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள்.

எங்கள் ஊழியத்துக்கும் இந்தப் படிப்பு வேண்டும் என்று இன்னொரு விதத்தில் தெரிந்துகொண்டோம். வேப்ப மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் ஜெபம் பண்ணப் போனபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல நாள் கழித்துக் காரணம் சொன்னான். தங்கச்சியின் மிட்டாயை எடுத்துத் தின்றானாம், அதனால் சாமி காலை உடைத்துவிட்டாராம். அவனை ஏன் அழைத்துவந்திருக்கிறோம் என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம், "சேட்டை பண்ணுனா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்பதுதான். சுவிட்சர்லாந்து தேசத்து ழான் பியாஜே (1896-1980) இதை 1932-லேயே எழுதியிருக்கிறார்: அந்த வயதில் பிள்ளைகள், நேர்கிற விபத்தையே செய்த தப்புக்குத் தண்டனையாக எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இறையியல் படித்த காலத்தில் மனிதனின் பாவத்தைப் பற்றி நிறையக் கற்றோம். ஆறு வயதுப் பிள்ளையின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யாரும் கற்பிக்கவில்லை.

பியாஜேயின் இன்னொரு சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு டம்ளரில் மோர் ஊற்றுங்கள். பிள்ளை பார்க்கும்போதே ஒன்றை ஒடுங்கின உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். எங்கள் ஐந்து வயதுப் பேரன் உயரமானதைக் காட்டினான். எட்டு வயது அக்காள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை சின்ன அளவிலான பெரிய மனிதன் அல்ல, அவனுடைய நினைப்பே வேறு விதமாய் ஓடுகிறது என்பதை இந்த மோர் காட்டிவிடும்.

இந்தப் படிப்பு நம் தேசத்துக்கு வந்த விதமும் சுவாரசியமானது. உளவியல் துறை கல்கத்தாவில் 1916-லும், மைசூரில் 1924-லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-லும் தொடங்கியது. ஆனால் பிள்ளை வளர்ச்சியைத் தனிப் பாடமாக எடுத்து வளர்த்ததில் பெரும் பங்கு மனையியல் கல்லூரிகளுக்கு உண்டு. சமையலும் தையலும்தான் அங்கே என்று ஆண்கள் கேலி செய்த கல்லூரிகள்! பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் நடந்தது. கோயம்புத்தூர் அவிநாசிலிங்கத்தில் மனித வளர்ச்சி முதுநிலைப் படிப்பு இருப்பதும் அந்த வழியில்தான். எங்கள் பெண் விண்ணப்பித்திருப்பதும் அங்கேதான்.

பரோடாவில் பிரமீளா பாடக் செய்த வேலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தை எந்த மாதத்தில் எதைச் செய்யும் என்று அளக்க அமெரிக்காவில் பெய்லி என்ற அம்மையார் ஓர் அளவுகோல் செய்திருந்தார். அங்குள்ள பிள்ளையின் கணக்கை நம் பிள்ளைமேல் போடலாமா? பாடக் பரோடாக் குழந்தைகளையே மாதாமாதம் சோதித்து நம் நாட்டுக்கான கணக்கை உண்டாக்கினார். இரண்டரை வயது வரைக்குமான அந்த அளவுகோலில் உடல் இயக்கத்துக்கு 67, மனவளர்ச்சிக்கு 163, ஆக 230 சோதனைகள். பயிற்சி இல்லாதவர் அதைத் தொட முடியாது.

அடுத்த வேலை நமக்கு மலைக்கு அந்தப் பக்கத்தில் நடந்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம். கே. சி. நாயரும் உடன் ஊழியர்களும் பரோடாக் கணக்கிலிருந்து 17 மட்டும் எடுத்து ஒரே தாளில் அடக்கினார்கள். 1991-இல் வெளியான திருவனந்தபுரம் அட்டை அதுதான். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பென்சிலைக் கண் தொடர்கிறதா, தலை நிற்கிறதா, மணிச் சத்தத்துக்குத் திரும்புகிறதா, பொருளைக் கை மாற்றுகிறதா, தனியே நடக்கிறதா, இரண்டு வார்த்தை சொல்கிறதா, பொம்மையின் உறுப்புகளைக் காட்டுகிறதா என்று இரண்டு வயது வரைக்கும் போகிறது. பிள்ளையின் மாதத்தில் ஒரு கோடு நட்டமாய்ப் போட வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாய்க் கிடக்கிற ஒன்றை அது செய்யவில்லையென்றால் தாமதம். சில நிமிட வேலை. ஒரு பென்சில், ஒரு மணி, இன்னும் சில சாமான் போதும். எங்கள் தறிக்காரர் மகனுக்கு அந்த மணியை யாராவது ஆறாம் மாதத்தில் அடித்துப் பார்த்திருந்தால்!

இவ்வளவு எளிதென்றால் அட்டையை வாங்கி நர்ஸிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அரசாங்கமும் 2013 முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் பால்வாடிகளுக்குக் குழு அனுப்பிப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அட்டையானது "நில், கவனி" என்று மட்டுமே சொல்லும். மேலே என்ன என்று சொல்லாது. பதினெட்டு மாதத்தில் நடக்காத பிள்ளைக்கு மூளை வாதமா, சத்துக் குறைவா, அல்லது தாய் பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் தொட்டிலிலேயே போட்டிருந்ததனால் வந்ததா? பேசாத பிள்ளைக்குக் காதா, புத்தியா, ஆட்டிசமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பிறகு அதைத் தாயிடம் சொல்ல வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். "கிரகணத்தன்னைக்கு நான் வெளியே போயிட்டேன், அதனாலயா?" என்று கேட்கிற தாயிடம், அவள்மேல் பழி விழாதபடியும் பொய் ஆறுதல் இல்லாதபடியும் பேச வேண்டும். பொய் ஆறுதல் எப்படியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

செய்தால் பலன் உண்டா என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களின் நடுவில் சாலி கிராந்தம்-மக்கிரிகோரும் உடன் ஊழியர்களும், ஒன்பது முதல் இருபத்துநான்கு மாத வயதில் வளர்ச்சி குன்றியிருந்த 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் போனாள். வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமானைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டினாள். இரண்டு ஆண்டு, அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடப் பெற்ற பிள்ளைகள் அது கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். இது 2014-இல் வெளியானது. வேலூரில் 2010 முதல் 2012 வரை பிறந்த 251 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆராய்ச்சியிலும், குன்றிய வளர்ச்சி நீடித்த பிள்ளைகளின் அறிவுத்திறன் ஐந்தாம் வயதில் பின்தங்கியிருந்தது தெரிந்தது. சத்தில்லாத பிள்ளை அதிகம் கேட்காது, அதிகம் அழாது. அதுவும் சத்தம் போடாத பிள்ளைதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் அசையாமற்போன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சில பிள்ளைகளோடு கூரைக் கொட்டகையில் ஆரம்பித்த அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் இன்று கிராமம் கிராமமாய்ப் போய், வளர்ச்சி தாமதித்த சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கைப்பேசியில் பதிகிறார்கள். அவர்களோடு போட்டி போட நமக்கு யோக்கியதையும் இல்லை, அவசியமும் இல்லை. நம் ஓ.பி.யில் தென்படுகிற பிள்ளையைச் சரியான வயதில் கண்டுபிடித்து, சரியான இடத்துக்கு அனுப்பி, திரும்பி வரும்போது கைவிடாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இப்போது அந்த ஆள் இல்லை.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். இந்த எம்.எஸ்சி. முடித்ததும் அவள் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டாள். அதற்கு வேறு தொழிற்பயிற்சியும், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் தேவை. ஊனச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கவும் அவளால் ஆகாது. இதைத் தெரிந்தே அனுப்புகிறோம். திரும்பி வருவாளா என்றும் சிலர் தனியாகக் கேட்டீர்கள். பாண்டு எழுதி வாங்கச் சொன்னவர்களும் உண்டு. வாங்கவில்லை. பீடி சுற்றி அவளைப் பட்டம் வரை படிக்க வைத்த தாய்க்கு வேறு கவலை: இருபத்துநாலு வயசாச்சு, இன்னும் இரண்டு வருஷம் போனால் மாப்பிள்ளை யார் தருவார் என்று எங்களிடம் வந்து அழுதாள். இந்த முறை பொறுமையாய் இரு என்று நாங்கள் சொல்லவில்லை. மகளையே கேட்டோம். "படிச்சிட்டு வாரேன் ஐயா, அதுக்குள்ள ஓ.பி. பக்கத்து ரூமைச் சாமான் போட்டு அடைச்சிராதீங்க" என்றாள்.

இந்தப் படிப்பு நிதிக்கு முதல் காணிக்கை அந்தத் தறிக்கார வீட்டிலிருந்து வந்தது. பையனின் தாய் கொண்டுவந்தாள், இருநூறு ரூபாய். நாங்கள் வாங்கத் தயங்கினோம். அவள் மேசைமேல் வைத்துவிட்டு, மகனுக்கு ஏதோ சைகை காட்டினாள். அவன் எங்களுக்குக் கும்பிட்டான். ரசீது எழுதியிருக்கிறோம்.

அந்த அறையில் இப்போது பழைய கட்டில் கால்களும், உடைந்த சக்கர நாற்காலி இரண்டும் கிடக்கின்றன. வெள்ளையடிக்க வேண்டும், தரைக்கு ஒரு பெரிய பாய் வேண்டும், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி வேண்டும். இங்கே தச்சு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் தேநீர் வைத்திருக்கிறோம். குடித்துவிட்டு வந்து அறையை ஒருதரம் பார்த்துப் போங்கள்.